மாடு, மருந்து, கரண்டு: புது ஆராய்ச்சி பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

மருத்துவம், கால்நடை, எரிசக்தி மூணும் வேற வேற ஆச்சே, ஏன் ஒரே இடத்துல போட்டு கலக்குறீங்க?

நானும் முதல்ல தனித்தனியா தான் எழுத உக்காந்தேன், ஆனா பாதி கேள்விக்கு பதில் தேடப் போனா அது பக்கத்து துறைல போய் நிக்குது. ஒரு உதாரணம் சொல்றேன். டைக்ளோஃபெனாக்னு ஒரு வலி மாத்திரை, மனுஷங்க மூட்டு வலிக்கு போடுறது தான். 1990கள்ல இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் பக்கம் அது மலிவா கிடைக்க ஆரம்பிச்சதும் மாட்டுக்கும் ஊசியா போட்டாங்க. அந்த மாடு செத்தா பாறு கழுகுங்க வந்து தின்னும், தின்ன கழுகுக்கு கிட்னி போயிடும். இப்படியே சில கழுகு இனங்கள் 95 சதவீதத்துக்கு மேல காலி. ஏதோ வைரஸ் தான் போலன்னு வருஷக்கணக்குல தேடிட்டு, 2004ல தான் காரணம் மருந்துன்னு நேச்சர் இதழ்ல வந்துச்சு, 2006ல கால்நடைக்கு அந்த மருந்தை தடை பண்ணாங்க. கதை அதோட முடியல. எயல் ஃப்ராங்க், அனந்த் சுதர்சன்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளருங்க 2024ல ஒரு கணக்கு போட்டாங்க, கழுகு இல்லாம செத்த மாடெல்லாம் அப்படியே அழுகி, தண்ணி கெட்டு, தெருநாய் பெருகி, அதனால இந்தியாவுல 2000த்துல இருந்து 2005க்குள்ள சுமார் 5 லட்சம் பேர் கூடுதலா செத்திருக்கலாம்னு. இது மதிப்பீடு தான், ஒவ்வொரு சாவையும் எண்ணிப் பாத்தது கிடையாது. இந்த கதையை மருத்துவத்துல வெக்கிறதா, கால்நடைல வெக்கிறதா, சுற்றுச்சூழல்ல வெக்கிறதா? எனக்கு தெரியல, அதான் எல்லாம் ஒரே இடத்துல.

பன்னி கிட்னியை மனுஷனுக்கு வெச்சாங்களாமே, நிஜமாவா?

நிஜம் தான். 2022 ஜனவரில அமெரிக்காவுல மேரிலாண்ட் பல்கலைக்கழகத்துல முதல்ல இதயம் வெச்சாங்க, பத்து ஜீன் மாத்தின பன்னியோடது. வெச்சுக்கிட்ட நோயாளி ரெண்டு மாசம் இருந்தார், அப்புறம் பாத்தா அந்த இதயத்துலயே பன்னிக்கு வர்ற ஒரு சைட்டோமெகலோ வைரஸ் ஒளிஞ்சிருந்திருக்கு. 2024 மார்ச்ல மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரில கிட்னி. இந்த பன்னிக்கு 69 இடத்துல ஜீன் மாத்தம். அதுல 3 பன்னியோட ஜீனை எடுத்தது, 7 மனுஷ ஜீனை சேத்தது, மிச்சம் 59 பன்னி டிஎன்ஏக்குள்ளயே காலங்காலமா தூங்கிட்டு இருக்குற பழைய ரெட்ரோவைரஸ்களை செயலிழக்க வெச்சது. அந்த நோயாளியும் கிட்டத்தட்ட ரெண்டு மாசத்துல இறந்துட்டார், கிட்னியால இல்லன்னு ஆஸ்பத்திரி சொல்லுச்சு. அதே வருஷம் நவம்பர்ல நியூயார்க்ல இன்னொருத்தருக்கு வெச்சது 130 நாள் ஓடுச்சு, நடுவுல வேற ஒரு தொற்று வந்து எதிர்ப்பு சக்தியை அடக்குற மருந்தை குறைக்க வேண்டி வந்துச்சு, உடம்பு கிட்னியை ஏத்துக்க மறுத்துடுச்சு, எடுத்துட்டாங்க. 130 நாள் தானான்னு தோணும். சாதாரண பன்னி கிட்னியா இருந்தா நிமிஷக் கணக்குல கருத்து போயிருக்கும், அதை வெச்சு பாத்தா பெரிய விஷயம் தான்.

எதுக்கு நிமிஷத்துல போகுது?

ஆல்ஃபா-கேல்னு ஒரு சர்க்கரை. பன்னி, மாடு, ஆடு எல்லாத்தோட செல் மேலயும் இது இருக்கு, மனுஷனுக்கும் சில குரங்கு இனங்களுக்கும் மட்டும் கிடையாது. நம்ம ரத்தத்துல இதுக்கு எதிரா ஆன்டிபாடி ரெடியா காத்துட்டு இருக்கும், பாத்த உடனே அடி தான். மேல சொன்ன 3 ஜீன்ல முக்கியமானது இந்த சர்க்கரையை செய்யுற ஜீன். இன்னொரு விஷயம், சில உண்ணி கடிச்சா சிலருக்கு திடீர்னு ஆட்டுக்கறி மாட்டுக்கறி எதுவும் ஒத்துக்காம போகுதே, அந்த அலர்ஜிக்கும் காரணம் இதே சர்க்கரை தான். ஆல்ஃபா-கேல் இல்லாத பன்னியை 2020லயே அமெரிக்க எஃப்டிஏ (உணவையும் மருந்தையும் சோதிச்சு அனுமதி குடுக்குற அரசு அமைப்பு) சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் சேத்தே அனுமதிச்சுது. ஒரே பன்னி, ரெண்டு துறை.

கிரிஸ்பர் கிரிஸ்பர்ங்குறாங்களே, யாராவது உண்மையிலேயே குணமாகி இருக்காங்களா?

ஆகியிருக்காங்க. கிரிஸ்பர்ங்குறது டிஎன்ஏவை வேணும்ங்குற இடத்துல வெட்டித் திருத்துற கருவி. அதை வெச்சு சிக்கிள் செல்ங்குற ரத்த நோய்க்கு கேஸ்கெவின்னு ஒரு சிகிச்சை, 2023 நவம்பர்ல பிரிட்டன்லயும் டிசம்பர்ல அமெரிக்காவுலயும் அனுமதி. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது அவங்க பழுதான ஜீனை தொடவே இல்லங்குறது தான். கருவுல இருக்கும்போது நமக்கு வேற ஒரு ஹீமோகுளோபின் ஓடும், பொறந்த கொஞ்ச மாசத்துல அது நின்னுடும், நிறுத்துற சுவிட்ச் பேரு பிசிஎல்11ஏ. அந்த சுவிட்சை வெட்டி விட்டா பழைய ஹீமோகுளோபின் திரும்ப ஓட ஆரம்பிக்குது, ரத்த அணு அரிவாள் மாதிரி வளையுறது அடங்கிடுது. போதுமான காலம் பின்தொடர்ந்து பாத்த 31 பேர்ல 29 பேருக்கு குறைஞ்சது ஒரு வருஷம் தொடர்ச்சியா கடுமையான வலி வரல.

ஆனா செய்தில பெருசா வராத பகுதி இருக்கு. உடம்புல இருந்து ரத்தம் உண்டாக்குற ஸ்டெம் செல்லை எடுத்து, வெளிய லேப்ல எடிட் பண்ணி, அதுக்கு இடம் கிடைக்கணும்னு எலும்பு மஜ்ஜையை கீமோ மருந்தால காலி பண்ணி, அப்புறம் தான் திரும்ப ஏத்துவாங்க. வாரக்கணக்குல ஆஸ்பத்திரி. அமெரிக்காவுல விலை 22 லட்சம் டாலர். இந்த நோய் அதிகமா இருக்குறது ஆப்பிரிக்காவுல, அங்க இதுக்கு யார் போவா? அறிவியல் ஜெயிச்சிடுச்சு, மிச்சமெல்லாம் அப்படியே நிக்குது.

2025ல இன்னொண்ணு வந்துச்சு, பொறந்த குழந்தை ஒண்ணுக்கு, அம்மோனியாவை உடம்பு வெளியேத்த முடியாத சிபிஎஸ்1 குறைபாடு. பிலடெல்பியா குழந்தைங்க ஆஸ்பத்திரில அந்த ஒரு குழந்தையோட ஜீன்ல இருந்த எழுத்துப்பிழைக்குன்னே தனியா ஒரு ஜீன் எடிட்டரை ஆறு மாசத்துல செஞ்சு, கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சு ஊசியா ஏத்தினாங்க, நேரா ஈரலுக்கு போகும். கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசில இருந்துச்சே, அதே வகை கொழுப்பு உருண்டை. முழுசா குணம்னு யாரும் சொல்லல, மருந்து அளவு குறைஞ்சிருக்கு, சாப்பாட்டுல புரதம் கொஞ்சம் தாங்குது, அவ்வளவு தான் சொல்றாங்க, அப்படி அளந்து சொல்றதே எனக்கு நம்பிக்கை தருது.

இதே எடிட்டிங்கை கால்நடைக்கும் பண்றாங்களா?

மனுஷனுக்கு முன்னாடியே பண்ணியாச்சு. பன்னிக்கு பிஆர்ஆர்எஸ்னு ஒரு வைரஸ் நோய், சினைப்பன்னிக்கு கலையும், குட்டிங்களுக்கு மூச்சு முட்டும். அந்த வைரஸ் உள்ள நுழையுற கதவு சிடி163ன்னு ஒரு புரதம், அதுல ஒரு துண்டை மட்டும் எடுத்துட்டா கதவு பூட்டிக்கும், பன்னி வழக்கம் போல இருக்கும். 2025 ஏப்ரல்ல எஃப்டிஏ இதை சாப்பாட்டுக்கு அனுமதிச்சுது. அதுக்கு முன்ன 2022ல வெயில் தாங்குற மாதிரி முடி குட்டையா இருக்குற மாட்டுக்கு ஓகே சொன்னாங்க, அந்த ஸ்லிக் ஜீன் சில வெப்பமண்டல மாட்டு இனங்கள்ல இயற்கையாவே இருக்குறது தான்.

எல்லாம் நல்லபடியா போச்சுன்னு நெனைக்காதீங்க. கொம்பில்லாத மாடுன்னு 2015ல ரெண்டு காளைக்கன்னு பொறந்துச்சு, கிரிஸ்பருக்கு முந்தின ஒரு எடிட்டிங் கருவி வெச்சு பண்ணது, கன்னுக்குட்டிக்கு கொம்பை தீய்க்குற கொடுமை இனி வேணாம்னு நல்ல எண்ணம் தான். தேவையில்லாத மாத்தம் எதுவும் இல்ல, சுத்தம்னு சொன்னாங்க. 2019ல எஃப்டிஏ ஆளுங்க அந்த டிஎன்ஏவை திரும்ப படிச்சு பாத்தா, எடிட்டிங்குக்கு பயன்படுத்தின பாக்டீரியா டிஎன்ஏ அப்படியே உள்ள ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆன்டிபயாடிக்கை எதிர்க்குற ஜீனோட! முதல்ல ஏன் தெரியலன்னா அவங்க அதை தேடவே இல்ல. இதை நான் அடிக்கடி நெனச்சுக்குவேன், "எதுவும் கண்டுபிடிக்கல"ன்னு ஒரு ரிப்போர்ட் வந்தா எதை தேடினீங்கன்னு கேக்கணும்.

எடிட்டிங் இல்லாம மாட்டுல வேற புதுசா ஒண்ணும் இல்லையா?

இருக்கு, சத்தமில்லாம எடிட்டிங்கை விட பெரிய வேலையே பண்ணிடுச்சு. முன்னாடி ஒரு காளை நல்ல காளையான்னு தெரியணும்னா அதோட பொண்ணுங்க பொறந்து, வளந்து, கன்னு போட்டு, பால் கறந்து அளந்து பாக்கணும், அஞ்சாறு வருஷம் போயிடும். 2001ல மூவிசன், ஹேய்ஸ், கோடார்டுன்னு மூணு பேர் கணக்கா ஒரு யோசனை எழுதினாங்க, டிஎன்ஏ முழுக்க ஆயிரக்கணக்கான குறிகளை பாத்தே கணிச்சிடலாம்னு. 2009 வாக்குல நடைமுறைக்கு வந்துச்சு. இப்ப பொறந்த கன்னோட முடியோ காது சதையோ கொஞ்சம் எடுத்தா போதும். சினை ஊசில பொட்டைக்கன்னுக்குன்னே பிரிச்ச விந்தும் இப்படி ஒரு அமைதியான சாதனை தான், எக்ஸ் விந்தணுல ஒய்யை விட டிஎன்ஏ சுமார் 4 சதவீதம் ஜாஸ்தி, அந்த சின்ன வித்தியாசத்தை லேசர் வெளிச்சத்துல பாத்து ஒவ்வொண்ணா பிரிக்கிறாங்க, 90 சதவீதம் கிட்ட பொட்டைக்கன்னு.

மாடு விடுற வாயுவால உலகம் சூடாகுதுங்குறது காமெடி இல்லையா?

காமெடி என்னன்னா எல்லாரும் பின்பக்கத்தை பாத்து சிரிக்கிறாங்க, வர்றது முன்பக்கம் வழியா. பெரும்பாலும் ஏப்பம் தான். மாடு தின்ன புல்லு முதல் வயித்துல, அதாவது ரூமன்ல, நுண்ணுயிருங்களால புளிக்குது, அப்ப ஹைட்ரஜன் வரும், அது அங்கேயே தேங்கினா புளிக்கிற வேலையே நின்னுடும், அதை காலி பண்ற வேலைக்கு மெத்தனோஜென்னு ஒரு கூட்டம் உக்காந்திருக்கு. இதுங்க பாக்டீரியா கூட கிடையாது, ஆர்க்கியான்னு தனி வம்சம். ஹைட்ரஜனையும் கார்பன் டைஆக்ஸைடையும் சேத்து மீத்தேனா மாத்திடும், மாடு ஏப்பம் விட்டு வெளிய தள்ளிடும். ஒரு மாடு வருஷத்துக்கு சுமார் 100 கிலோ. இது மாட்டுக்காரருக்கும் நஷ்டம் தான், தீனில இருக்குற சக்தில 2ல இருந்து 12 சதவீதம் வரை இப்படி காத்துல போகுது.

மீத்தேன் நூறு வருஷ கணக்குல பாத்தா கார்பன் டைஆக்ஸைடை விட 28 மடங்கு, இருபது வருஷ கணக்குல பாத்தா 80 மடங்கு கிட்ட சூடு பிடிக்கும். ஆனா காத்துல பன்னண்டு வருஷம் போல தான் தங்கும். இந்த ரெண்டையும் சேத்து யோசிங்க, இன்னைக்கு குறைச்சா பலன் நம்ம ஆயுசுலயே தெரியுற ஒரே வாயு கிட்டத்தட்ட இதுதான். அதுக்காக மாட்டை மட்டும் குத்தம் சொல்றதும் தப்பு, எண்ணெய் கிணறு, எரிவாயு குழாய், நிலக்கரி சுரங்கம், குப்பைமேடு எல்லாத்துல இருந்தும் மீத்தேன் வருது, குழாய் ஓட்டையை அடைக்கிறதுக்கு புது ஆராய்ச்சியே வேணாம், ஸ்பேனர் போதும்.

கடல்பாசி குடுத்தா ஏப்பம் நின்னுடுமாமே?

ஆஸ்பராகாப்சிஸ்னு ஒரு சிவப்பு பாசி. 2021ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் டேவிஸ்ல 21 இறைச்சி மாட்டுக்கு 147 நாள் குடுத்து பாத்தாங்க, 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. கேக்க பிரமாதம். வேலை செய்யுறது அதுல இருக்குற புரோமோஃபார்ம்ங்குற பொருள், அது விலங்குகளுக்கு அதிக அளவுல குடுத்தா கேன்சர் வரலாம்னு சந்தேகப் பட்டியல்ல இருக்கு, ஓசோனுக்கும் ஆகாது. சில மாடு வாசனை பிடிக்காம தீனியை குறைச்சுக்கும். அத்தனை மாட்டுக்கும் பாசி வளக்க கடல்ல எங்க இடம்ங்குறது தனி கேள்வி.

இன்னொரு வழி 3-என்ஓபின்னு ஒரு ரசாயனம், கடைப்பேரு போவேர். மெத்தனோஜென் மீத்தேன் செய்யுற கடைசி படில ஒரு என்சைம் இருக்கு, எம்சிஆர்னு பேரு, அதோட வாயை அடைச்சிடும். கறவை மாட்டுல சராசரியா 30 சதவீதம் குறையுது. ஐரோப்பா 2022ல அனுமதிச்சுது, அமெரிக்கா 2024ல. 2024 கடைசில பிரிட்டன்ல இதை கேள்விப்பட்டு பாலை சிங்க்ல கொட்டுற வீடியோ எல்லாம் வந்துச்சு, மாட்டு வயித்துலயே உடைஞ்சு போயிடும், பாலுக்கு வரலன்னு தான் சோதனைகள் சொல்லுது. அதே நேரம் டென்மார்க்ல 2025ல மீத்தேன் குறைக்கிற தீனியை பெரிய பண்ணைங்களுக்கு கட்டாயமாக்கினதும், போவேர் குடுத்த சில பண்ணைக்காரங்க மாடு சரியா திங்கல, சோர்ந்து போகுதுன்னு சொன்னாங்க, அதை ஆராய ஆரம்பிச்சிருக்காங்க. வீடியோக்காரங்களோட பயத்தையும் பண்ணைக்காரங்களோட புகாரையும் ஒரே தட்டுல வெக்கக் கூடாது, தினமும் மாட்டை பாக்குறவர் சொல்றது டேட்டா.

ரெண்டுக்குமே பொதுவா ஒரு சிக்கல், தினமும் தீனில கலக்கணும். கொட்டகைல கட்டி வெச்ச மாட்டுக்கு சரி, உலகத்துல பெரும்பாலான மாடு மேய்ச்சல்ல இருக்கு, அதுங்க பின்னாடி யார் பொட்டலத்தோட ஓடுறது?

சாண எரிவாயுவும் இதே மீத்தேன் தானா?

அதே தான், அதே வம்சத்து நுண்ணுயிருங்க தான். மாட்டு வயித்துல இருந்தா வில்லன், மூடின தொட்டில இருந்தா ஹீரோ. தொட்டில வர்ற மீத்தேனை எரிச்சா கார்பன் டைஆக்ஸைடா மாறிடும், சூடாக்குற சக்தி ரொம்ப குறைஞ்சிடும், அடுப்பும் எரியும். ஆனா தொட்டில கசிவு இருந்தா லாபமெல்லாம் போச்சு, இதை யாரும் விளம்பரத்துல சொல்ல மாட்டாங்க.

பறவைக் காய்ச்சல் மாட்டுக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க, பால் குடிக்கலாமா?

காய்ச்சின பால், பாஸ்ச்சரைஸ் பண்ண பால் தாராளமா. 2024 மார்ச்ல அமெரிக்காவுல டெக்சாஸ், கான்சாஸ் பக்கம் கறவை மாடுங்க திடீர்னு பால் குறைஞ்சு, பால் சீம்பால் மாதிரி கெட்டியா மஞ்சளா வர ஆரம்பிச்சுது. சோதிச்சா எச்5என்1, அதாவது பறவைக் காய்ச்சல் வைரஸ். யாருமே எதிர்பாக்கல, மூக்குல தேடுற வைரஸ் மடில உக்காந்திருக்கு. மாட்டு மடி செல்லுல பறவை வைரஸ் ஒட்டுறதுக்கு தோதான சர்க்கரை நிறைய இருக்குன்னு அப்புறம் தான் கண்டுபிடிச்சாங்க. காத்துல பரவினதை விட கறவை மெஷின் வழியா ஒரு மாட்டு காம்புல இருந்து அடுத்த மாட்டு காம்புக்கு போனது தான் அதிகம்னு தெரியுது. அந்த பண்ணைல பச்சைப்பால் குடிச்ச பூனைங்க செத்து போச்சு. வேலையாளுங்க சிலருக்கு கண்ணு சிவந்துச்சு. மனுஷன்ல இருந்து மனுஷனுக்கு தொடர்ச்சியா பரவல, ஆனா ஒவ்வொரு மாடும் அந்த வைரஸுக்கு பாலூட்டிகள்ல ஒரு பயிற்சி வகுப்பு, அதான் கவலை. பச்சைப்பால் தான் இயற்கைன்னு சொல்றவங்களுக்கு அந்த பூனைங்களை காட்டுங்க.

ஆன்டிபயாடிக் வேலை செய்யாம போறதுக்கு பண்ணைங்க தான் காரணமா?

பாதி பழி அங்க, பாதி நம்ம மேல. 2019ல மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால நேரடியா 12.7 லட்சம் பேர் செத்ததா லான்செட்ல வந்த கணக்கு சொல்லுது. பண்ணைல நோய்க்கு குடுக்குறதை யாரும் தப்பு சொல்லல, சீக்கிரம் சதை போடணும்னு தீனில கொஞ்சம் கொஞ்சமா கலக்குறது தான் பிரச்சனை, ஐரோப்பா அதை 2006லயே நிறுத்திடுச்சு. கொலிஸ்டின்னு ஒண்ணு இருக்கு, மனுஷனுக்கு வேற எதுவும் கேக்கலன்னா தான் எடுக்குற கடைசி ஆயுதம். அதை எதிர்க்குற எம்சிஆர்-1ங்குற ஜீனை 2015ல சீனாவுல பன்னிங்ககிட்ட கண்டுபிடிச்சாங்க, ஒரு பாக்டீரியால இருந்து இன்னொண்ணுக்கு சுலபமா கை மாறுற ஜீன். (மேல சொன்ன எம்சிஆர் என்சைம் வேற, இது வேற, பேரு வெக்கிறவங்களுக்கு கருணையே இல்ல.) 2017ல சீனா கொலிஸ்டினை வளர்ச்சிக்கு கலக்குறதை தடை பண்ணுச்சு, பண்ணைலயும் மனுஷங்ககிட்டயும் அந்த ஜீன் கண்ணுக்கு தெரியுற மாதிரி குறைஞ்சுது. தடை வேலை செய்யும்னு இவ்வளவு சுத்தமா காட்டின உதாரணம் கம்மி.

எடை குறைக்கிற ஊசி நல்லதா கெட்டதா?

செமாக்லூடைட் பத்தி தானே? 68 வாரத்துல சராசரியா 14.9 சதவீதம் எடை குறைஞ்சுது, மருந்தே இல்லாத வெறும் ஊசி போட்டவங்களுக்கு 2.4. நிறுத்தினவங்களை ஒரு வருஷம் கழிச்சு பாத்தா குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிடுச்சு. அதனால இதை ரெண்டு மாச கோர்ஸா நெனைக்காதீங்க, பிபி மாத்திரை மாதிரி நெனைங்க. வாந்தி, குமட்டல் நிறைய பேருக்கு வரும்.

இதயத்துக்கு நல்லதுன்னு வந்த செய்தியை வெச்சு ஒரு கணக்கு சொல்றேன், இது எல்லா மருந்து செய்திக்கும் உதவும். 2023ல வந்த செலக்ட் ஆய்வு, 17,604 பேர், எல்லாரும் ஏற்கனவே இதய நோய் இருந்து எடையும் அதிகம் உள்ளவங்க. தலைப்பு என்ன போட்டாங்க, மாரடைப்பு, பக்கவாதம், இதய சாவு 20 சதவீதம் குறையுதுன்னு. உள்ள போய் பாத்தா மூணு வருஷத்துக்கு மேல பின்தொடர்ந்ததுல வெறும் ஊசிக்காரங்கள்ல 8 சதவீதம் பேருக்கு வந்துச்சு, மருந்துக்காரங்கள்ல 6.5 சதவீதம். 8ல 20 சதவீதம் குறைஞ்சா 6.5 கிட்ட, ஆமா சரி தான். ஆனா நூறு பேருக்கு போட்டா ஒண்ணரை பேர் தப்பிக்கிறாங்கன்னும் அதையே சொல்லலாம். ரெண்டுமே உண்மை, எந்த உண்மையை தலைப்புல போடுறாங்கங்குறது வியாபாரம்.

இந்த வகை மருந்தோட முதல் வெற்றி, 2005ல வந்த எக்ஸெனடைடு, கிலா மான்ஸ்டர்ங்குற விஷப் பல்லியோட எச்சில்ல இருந்து வந்ததுன்னு தெரியுமா? பல்லி எச்சிலை ஆராய காசு வேணும்னு ஒருத்தர் கேட்டிருந்தா நம்ம எல்லாம் சிரிச்சிருப்போம்.

எலிக்கு குணமாச்சுன்னா நமக்கு எப்ப வரும்?

வராமலே போகலாம். மனுஷ சோதனைக்குள்ள நுழைஞ்ச மருந்துலயே பத்துல ஒம்போது தோத்து போகுது, எலில நிக்கிறதை எல்லாம் கணக்குலயே எடுக்கல.

அப்ப நம்புற மாதிரி ஒண்ணு கூட வரலையா?

வந்துச்சே. லெனகாபவிர், எச்ஐவி வராம தடுக்க ஆறு மாசத்துக்கு ஒரு ஊசி. தென்னாப்பிரிக்கா, உகாண்டாவுல இளம் பொண்ணுங்களுக்கு நடந்த சோதனைல ஊசி போட்ட 2,134 பேர்ல ஒருத்தருக்கு கூட தொற்று வரல, 2024ல முடிவு வந்துச்சு, 2025 ஜூன்ல அமெரிக்காவுல அனுமதி. நான் பூஜ்யம்ங்குற எண்ணை பாத்தாலே சந்தேகப்படுற ஆளு, இது மட்டும் பெரிய சோதனை, ஒப்பிட மாத்திரை போட்ட கூட்டமும் கூடவே இருந்துச்சு, அதனால ஏத்துக்கிட்டேன்.

ஏஐ மருந்து கண்டுபிடிச்சிடுச்சாமே?

புரதம் எப்படி மடியும்னு கணிச்சிருக்கு, அதுவே பெருசு. ஆல்ஃபாஃபோல்டு 20 கோடிக்கு மேல புரதங்களோட வடிவத்தை கணிச்சு குடுத்துச்சு, 2024 வேதியியல் நோபல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பருக்கு, கூட புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கருக்கும். பூட்டோட படம் கிடைச்சாச்சு, சாவி செஞ்சு ஆளுக்கு குடுத்து பாக்குற வருஷங்களை ஏஐ இன்னும் சுருக்கல.

சோலார் பேனல் இனி எவ்வளவு தான் முன்னேறும்?

சிலிக்கன் மட்டும்னா கோட்பாட்டு உச்சமே 29.4 சதவீதம், அதுக்கு பக்கத்துல போயாச்சு. அதான் மேல பெரோவ்ஸ்கைட்னு இன்னொரு அடுக்கை பூசுறாங்க, அது நீல வெளிச்சத்தை பிடிச்சுக்கும், சிவப்பை கீழ சிலிக்கனுக்கு விட்டுடும். பெரோவ்ஸ்கைட் 2009ல ஜப்பான்ல மியாசகா ஆரம்பிச்சப்ப வெறும் 3.8 சதவீதம். 2025 ஏப்ரல்ல லாங்கி கம்பெனி ரெண்டு அடுக்கு செல்லுல 34.85 காட்டிடுச்சு. ஆனா சாதனை எண்ணெல்லாம் விரல் நகம் அளவு செல்லுல வர்றது, வீட்டு மேல கிடக்குற பேனல் 25 வருஷம் மழைலயும் வெயில்லயும் தாங்கணும், பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம்னாலே அலர்ஜி. உள்ள ஈயமும் இருக்கு.

இங்கயும் ஆடு வந்துடுச்சு. ஓரிகான் மாநில பல்கலைக்கழகத்துல 2021ல ஒரு ஆய்வு, பேனலுக்கு அடில மேஞ்ச செம்மறிக் குட்டியும் திறந்த வெளில மேஞ்சதும் ஏறக்குறைய ஒரே அளவு எடை போட்டுச்சு. நிழல்ல புல்லு கம்மியா தான் வளந்துச்சு, ஆனா சத்து ஜாஸ்தியா இருந்துச்சு. வெள்ளாடு மட்டும் வேணாம்பாங்க, மேல ஏறும், வயரை கடிக்கும்.

ஃப்யூஷன் வந்துடுச்சா?

ஃப்யூஷன்னா சின்ன அணுக்கருக்களை ஒண்ணா ஒட்ட வெச்சு சக்தி எடுக்குறது, சூரியன் பண்றது தான். 2022 டிசம்பர் 5ல கலிஃபோர்னியாவுல என்ஐஎஃப்ங்குற லேசர் ஆய்வுக்கூடத்துல 192 லேசர் சேந்து 2.05 மெகாஜூல் குடுத்து 3.15 மெகாஜூல் எடுத்தாங்க. நெஜமான மைல்கல். அந்த லேசரை ஓட்ட சுவத்துல இருந்து உறிஞ்சின கரண்டு சுமார் 300 மெகாஜூல். அப்புறம் 8.6 மெகாஜூல் வரை எடுத்திருக்காங்க, இருந்தாலும் கரண்டு விக்கணும்னா இதை நொடிக்கு பத்து தடவை பண்ணணும். காத்திருங்க, கரண்டு பில்லை அதுக்குள்ள கட்டிடுங்க.

காத்துல இருந்தே கார்பனை உறிஞ்சுற மெஷின்?

ஐஸ்லாந்துல மேமத்னு ஒண்ணு 2024ல திறந்தாங்க, முழு வேகத்துல ஓடினா வருஷத்துக்கு 36,000 டன். உலகம் எரிபொருள் எரிச்சு வெளிய விடுறது வருஷத்துக்கு சுமார் 3,700 கோடி டன். வகுத்து பாருங்க, வருஷம் பூரா அந்த மெஷின் உழைச்சா நம்ம அரை நிமிஷத்துல விட்ட புகையை எடுக்கும்.

மைக்ரோபிளாஸ்டிக்கால மாரடைப்பு வருதா?

வருதுன்னு நிரூபிக்கல. 2024 மார்ச்ல இத்தாலி டாக்டருங்க கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுத்து எடுத்த 257 பேரை பாத்தாங்க, 58 சதவீதம் பேரோட அடைப்புல பாலிஎத்திலீன் இருந்துச்சு. அப்படி இருந்தவங்களுக்கு அடுத்த மூணு வருஷம் கிட்ட மாரடைப்போ பக்கவாதமோ சாவோ வர்ற ஆபத்து நாலரை மடங்கு. பயமா இருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா பிளாஸ்டிக் அதிகம் சேர்ற வாழ்க்கை முறையே வேற விதத்துல ஆபத்தா இருக்கலாம், ஆபரேஷன் தியேட்டர்லயும் லேப்லயும் எங்க திரும்பினாலும் பிளாஸ்டிக் தான், அதுல இருந்து சேந்ததான்னும் கேள்வி வரும். இன்னொரு குழு இன்னொரு ஊர்ல இதையே பண்ணி காட்டட்டும். அதுவரை சூடான சாப்பாட்டை பிளாஸ்டிக் டப்பால போடாம இருந்தா நஷ்டம் ஒண்ணுமில்ல.

இத்தனைல நீங்க எதை கவனிச்சுட்டு இருக்கீங்க?

ஃப்யூஷன்னு சொல்வேன்னு எதிர்பாத்தீங்கன்னா மன்னிச்சிடுங்க, கன்னுக்குட்டி தான். மேய்ச்சல் மாட்டுக்கு தினமும் மருந்து குடுக்க முடியாதுன்னு மேல சொன்னேன்ல, அதுக்கு ஒரு யோசனை. கன்னு பொறக்கும்போது வயிறு கிட்டத்தட்ட காலி, எந்த நுண்ணுயிர் முதல்ல குடியேறுதோ அது ஊரை பிடிச்சுக்கும். அப்ப பொறந்த முதல் சில வாரம் மட்டும் 3-என்ஓபி குடுத்து மெத்தனோஜென் கூட்டத்தை பின்னுக்கு தள்ளி வெச்சா? 2021ல வந்த ஒரு ஆய்வுல 14 வாரம் குடுத்துட்டு நிறுத்தினாங்க, மருந்து நின்ன பிறகும் ஒரு வயசு வரை மீத்தேன் கம்மியாவே இருந்துச்சு. மனுஷக் குழந்தையோட குடல் நுண்ணுயிர் பத்தி டாக்டருங்க கேக்குற கேள்வியும் கிட்டத்தட்ட இதே தான். கன்னு எண்ணிக்கை ரொம்ப கம்மி, அது வளந்து கன்னு போட்டு பால் கறக்கும்போதும் இப்படியே இருக்குமான்னு யாராவது பாக்கணும், மாடு அவசரப்படாது, ரெண்டு மூணு வருஷம் ஆகும்.